பரணுக்குத் தனிக் கால் கொடுங்க

உங்க வீட்டுல, கடையில, தோட்டத்து ஷெட்டுல, எங்கேயாவது ஒரு பரண் இருக்கா? கண்டிப்பா இருக்கும். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, போன கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சின அகல் விளக்கு, கல்யாணத்துக்கு எடுத்த ஜமக்காளம், பாதி மூட்டை சிமென்ட், இந்த வருஷத்து நெல் எல்லாம் அங்கேதான் கிடக்கும். "அதைப் பரண்ல போட்டாச்சு"ன்னு ஒருத்தர் சொன்னா, அந்த விஷயத்தை மறந்தாச்சுன்னு அர்த்தம். சாமானை மறக்கிறது சரி. அதைத் தாங்கிக்கிட்டு நிக்கிற பரணையும் சேர்த்து மறந்துடுறோமே, அதுதான் என் கவலை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வர்றது ஒரே ஒரு விஷயம். ஷெட்டுக்குள்ளே சாமான் வைக்கப் பரண் போட்டா, அதைக் கூரையிலே தொங்கவிடாதீங்க. பக்கத்துச் சுவர்ல சொருகாதீங்க. தரையிலிருந்து எழும்புற சொந்தக் கால் அதுக்குக் கொடுங்க. சி.எஸ்.இ., இ.சி.இ. நண்பர்களே, "இது சிவில் பசங்க மேட்டர்"னு அடுத்த பக்கம் போயிடாதீங்க. இதில் வர்ற கணக்கு எல்லாமே எட்டாம் வகுப்புப் பெருக்கல்தான். அதோட, பரணுக்குக் கீழே நிக்கிறவங்க எந்த டிபார்ட்மென்ட்டுன்னு பரண் கேக்காது.

ஷெட்டு எதுக்காக நிக்குது?

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பக்கமோ, திருப்பத்தூர்ப் பக்கமோ, புதுக்கோட்டைப் பக்கமோ வண்டியை விடுங்க. ரோட்டு ஓரத்துல எத்தனை ஷெட்டு வருதுன்னு எண்ணிப் பாருங்க. அரிசிக் கடை குடோன், ஆத்தங்குடிக் கல் போடுற பட்டறை, தறிக்கூடம், பலகாரம் போடுற இடம், சமையல் காண்ட்ராக்டரோட பாத்திரக் கிடங்கு, பழைய வீட்டுக் கதவும் தூணும் அடுக்கி வெச்சிருக்கிற குடோன். எல்லாத்துக்கும் அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான். வரிசையா இரும்புக் கால், மேலே ட்ரஸ், அதுக்கு மேலே தகர ஷீட். சுத்தி ஹாலோ பிளாக் சுவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அமெரிக்காவுல பண்ணைகள்ல இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேர் போல் பார்ன். மரக் கம்பத்தை நேரா மண்ணுல நட்டு, மேலே கூரை போட்டு, பக்கவாட்டுல அடைச்சுட்டா வேலை முடிஞ்சது. 1930களுக்கு அப்புறம் அங்கே பரவின முறை. நம்ம ஊர்ல நாலு கம்பு நட்டு கீத்து வேய்ஞ்ச கொட்டகைக்கு அதைவிட ரொம்ப வயசு அதிகம். மூணுக்கும் பொதுவான குணம் ஒண்ணு இருக்கு: அந்தக் கால்கள் நட்டது கூரைக்காக. கூரையைத் தாங்கணும், காத்து அடிச்சா சாயாம நிக்கணும். அதுக்கு மட்டும்தான் கணக்குப் போட்டிருப்பாங்க, அதுவும் யாராவது கணக்குப் போட்டிருந்தா.

ஆனா ஷெட்டு போட்டு ஆறு மாசம் ஆனதும் இடம் பத்தாது. அண்ணாந்து பார்த்தா மேலே காலி இடம் நிறைய. "நாலு ஆங்கிள் அடிச்சு ஒரு பரண் போட்டுடலாமே"ன்னு தோணும். வெல்டரைக் கூப்பிட்டா ஒரே நாள்ல போட்டுக் கொடுத்துடுவார். வாடகை மிச்சம். பரணுக்கும் நமக்கும் பிரச்சினை ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

பத்து மடங்கு

ஐ.எஸ். 875ன்னு ஒரு ஆவணம் இருக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்டது. கட்டடத்து மேலே வர்ற பாரங்களை எவ்வளவுன்னு எடுத்துக்கணும்னு அது சொல்லும். 1987இல் வந்த அதோட இரண்டாம் பகுதியில் ரெண்டு எண்ணைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

ஆள் ஏறிப் புழங்காத கூரைக்கு: சதுர மீட்டருக்கு 0.75 கிலோ நியூட்டன். சாய்வு அதிகமானா இது இன்னும் குறையும். சாமான் அடுக்குற கிடங்குத் தளத்துக்கு: அடுக்குற உயரம் ஒவ்வொரு மீட்டருக்கும் 2.4 கிலோ நியூட்டன், ஆனா எப்படி இருந்தாலும் 7.5க்குக் குறையக் கூடாது.

0.75, 7.5. புள்ளி மட்டும்தான் இடம் மாறியிருக்கு. ஆனா அது பத்து மடங்கு. கிலோ நியூட்டன் கசக்குதுன்னா நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன்: கூரைக்குச் சதுர அடிக்குச் சுமார் 7 கிலோ, கிடங்குத் தளத்துக்குச் சதுர அடிக்குச் சுமார் 70 கிலோ. நம்ம ஷெட்டோட கால், ட்ரஸ், அடிக் கான்கிரீட் எல்லாம் முதல் எண்ணுக்காக வளர்ந்த பிள்ளைங்க. அதுங்க தலையில ரெண்டாவது எண்ணைத் தூக்கி வெக்கிறோம்.

"7.5 எல்லாம் புக்குல இருக்கிற எண்ணு, நிஜத்துல அவ்வளவு வராது"ன்னு நினைக்கிறீங்களா? சரி, புக்கை மூடிடலாம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்துல ஒரு பரண். பரப்பு 12 சதுர மீட்டர். அதுல நெல் மூட்டையை 1.2 மீட்டர், அதாவது நாலு அடி உயரத்துக்கு அடுக்குறோம். நெல் ஒரு கன மீட்டர் சுமார் 600 கிலோ. 12-ஐ 1.2-ஆல் பெருக்கி, அதை 600-ஆல் பெருக்கினா 8,640 கிலோ. எட்டரை டன்னுக்கு மேலே.

எட்டரை டன்னைக் கண்ணால பார்க்கணுமா? ஒரு குட்டி யானை முக்கால் டன் ஏத்தும்னு வெச்சுக்குங்க. கிட்டத்தட்ட பன்னிரண்டு குட்டி யானை லோடு. ஒரு சின்ன ரூம் அளவு பரண் மேலே. நெல்லுக்குப் பதிலா சிமென்ட் மூட்டை அடுக்கினா, அதே உயரத்துக்கு இன்னும் ரெண்டு மடங்குக்கு மேலே. சிமென்ட் ஒரு கன மீட்டர் சுமார் 1,440 கிலோ. புக்குல இருக்கிற 7.5-ஐயும் அது தாண்டிடும்.

எங்க சொந்தக்காரர் ஒருத்தர் சமையல் பாத்திரம் வைக்க ஷெட்டுல பரண் போட்டப்ப நான் பக்கத்துல இருந்தேன். ட்ரஸ்ல இருந்து நாலு கம்பி இறக்கித் தொங்கவிடுறதா ஏற்பாடு. வெல்டர் அண்ணன் நல்ல தொழில்காரர், வெல்டிங் சுத்தமா இருக்கும். "தம்பி, ட்ரஸ்ஸு பூரா நல்ல கனமான பைப்பு. யானை ஏறினாலும் அசையாது"ன்னார். "அண்ணே, குட்டி யானை பன்னெண்டு ஏறினா?"ன்னு கேட்டேன். சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கிட்டு இருந்தார். கடைசியில கால் வெச்சுத்தான் போட்டார். நான் பெரிசா எதுவும் சொல்லிக் கொடுக்கலை. எடையை மட்டும் சொன்னேன். பைப்போட பலம் அவருக்குக் கைக்கணக்கா தெரியும். மேலே எத்தனை டன் வரப்போகுதுன்னு மட்டும் அவர்கிட்ட யாருமே சொன்னதில்லை.

தொங்கவிட்டா என்ன ஆகும்?

முதல்ல ட்ரஸ்ஸைப் பார்ப்போம். முக்கோணம் முக்கோணமா இருக்கிற அந்தச் சட்டத்துல, கூரைப் பாரம் மூட்டுகள் வழியாத்தான் இறங்கணும். கீழே படுக்கையா போற பைப்பு, ரெண்டு பக்கமும் இழுபடுறதுக்காகப் போட்டது. ஒரு கயித்தை ரெண்டு பேர் இழுத்துப் பிடிச்சிருக்காங்கன்னு நினைச்சுக்குங்க. அந்தக் கயித்துக்கு நடுவுல ஒரு தண்ணிக் குடத்தை மாட்டினா? வளையும். ட்ரஸ்ஸோட மூட்டுக்கு நடுவுல கம்பி கட்டிப் பரணைத் தொங்கவிடுறது அதே வேலைதான். அந்தப் பைப்பு அந்த வளைவுக்காக அங்கே வரலை.

ரெண்டாவது, கூரைத் தூணோட பக்கவாட்டுல ஒரு பிராக்கெட்டை வெல்டு பண்ணி, அது மேலே பரணை உக்கார வெக்கிறது. தொங்கவிடுறதுக்கு இது தேவலைன்னு தோணும். ஆனா பாரம் தூணோட நடுவுல இறங்காம, ஒரு பக்கமா இறங்குது. ஒரு தோள்ல மட்டும் மூட்டை தூக்குறவர் எப்படி எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு நடக்குறாரோ, அப்படித் தூணும் வளையப் பார்க்கும். காத்து அடிக்கிற நேரத்துல அந்தத் தூணுக்கு ஏற்கெனவே ஒரு வளைவு இருக்கு. ரெண்டும் சேர்ந்துக்கும்.

காத்துன்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா புயல், நம்ம பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையை என்ன பாடு படுத்துச்சுன்னு உங்கள்ல பல பேருக்கு நேர்ல தெரியும். தகரக் கூரையைப் புயல் கீழே அமுக்குறதைவிட, மேலே பிடுங்கத்தான் பார்க்கும். அதாவது கூரை பறக்கப் பார்க்குது, பரண் இறங்கப் பார்க்குது. ரெண்டையும் ஒரே தூண்ல, ஒரே போல்ட்டுல கட்டி வெச்சா, எது போனாலும் மத்ததையும் இழுத்துக்கிட்டுப் போகும். தனித்தனியா நின்னா, கூரை போன அன்னைக்கும் பரண் நிக்கும். பரண்ல இருக்கிற நெல் நனைஞ்சாலும் கீழே இருக்கிற ஆள் பிழைப்பார்.

தொங்குற அமைப்புல இன்னொரு சிக்கல்: மொத்தப் பாரமும் கடைசியில ஒரு நட்டு மேலேயோ ஒரு வெல்டிங் மேலேயோ போய் உக்காரும். இதுக்கு உலகம் பூரா இன்ஜினியரிங் வகுப்பு எடுக்கிற உதாரணம் அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். 1981 ஜூலை 17 அன்னைக்குச் சாயங்காலம், ஹாலுக்கு மேலே கம்பியில தொங்கிக்கிட்டு இருந்த நடைபாலங்கள் விழுந்து 114 பேர் செத்துப்போனாங்க. முதல்ல வரைஞ்ச படத்துல கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி ரெண்டு பாலத்தையும் தாங்கிப் போகணும். வேலை சுலபமாகட்டும்னு அதை ரெண்டு துண்டாக்கி, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்தைத் தொங்கவிட்டாங்க. அந்த மாத்தத்துல மேல் பாலத்து நட்டு மேலே வந்த பாரம் ரெண்டு மடங்காயிடுச்சு. கம்பி அறுந்து போகலை. நட்டு பீமைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடுச்சு. படம் போட்டு, கையெழுத்துப் போட்டு, பெரிய கம்பெனிகள் கட்டின இடத்துலயே அந்தக் கதி. நம்ம ஷெட்டுல படமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

வளவுத் தூண்கிட்ட கேளுங்க

இதுக்குப் பதில் தேடி நாம வெளியூர் போக வேண்டியதில்லை. செட்டிநாட்டுல உக்காந்துக்கிட்டு தூணைப் பத்தி மத்தவங்ககிட்ட கேட்டா சிரிப்பாங்க.

கானாடுகாத்தானுக்கோ ஆத்தங்குடிக்கோ போனா நாம எல்லாரும் வளவுல நின்னு ஒரு ரீல்ஸ் எடுப்போம். பின்னாடி வரிசையா தூண். கேப்ஷன்ல "பர்மா தேக்கு". தேக்கு நல்ல மரம்தான், யார் இல்லைன்னா? ஆனா அடுத்த தடவை போறப்ப மரத்தை விட்டுட்டு, அந்தத் தூண் எங்கே நிக்குது, எதைத் தாங்குது, எதுமேல நிக்குதுன்னு பாருங்க.

ஓட்டுப் பாரத்தைக் கைமரம் வாங்குது. கைமரம் உத்தரத்து மேலே இறக்குது. உத்தரம் போதிகை மேலே உக்காருது. போதிகை தூண் மேலே. தூண் ஒரு கல் பீடத்து மேலே. கல் பீடம் மண்ணு மேலே. இடையில ஒரு இடத்துலகூட பாரம் அந்தரத்துல தொங்கலை. ஒவ்வொண்ணும் தனக்குக் கீழே இருக்கிறதோட தலையில நேரா உக்காந்திருக்கு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு லோட் பாத்னு ஒரு வார்த்தை செமஸ்டர்ல சொல்லிக் கொடுத்தாங்க. உத்தரம், போதிகை, கைமரம்னு வார்த்தைகளை ஒரு ஆசாரிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான், அந்த லோட் பாத் எனக்குக் கண்ணுல தெரிஞ்சது.

போதிகையை எடுத்துக்குங்க. தூண் தலையில ரெண்டு பக்கமும் கை விரிச்ச மாதிரி இருக்குமே, அது. அதுல இருக்கிற செதுக்கு வேலையைத்தான் நாம போட்டோ எடுப்போம். அதோட வேலை வேற. உத்தரம் உக்காருற இடத்தை அகலமாக்குது. ரெண்டு தூணுக்கு நடுவுல உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தையும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்குது.

தூரம் குறைஞ்சா என்ன பெரிய லாபம்? ரொம்பப் பெரிய லாபம். ஒரே மாதிரிப் பரவலான பாரம் இருக்கிற பீமுக்கு, ரெண்டு முனைக்கும் நடுவுல உள்ள தூரத்தை ரெண்டு மடங்காக்கினா, வளைக்கிற விசை நாலு மடங்காகும். தொய்வு பதினாறு மடங்காகும். இதைத் தலைகீழாப் படிங்க: 4 மீட்டர் பீமுக்கு நடுவுல ஒரே ஒரு கால் கொடுத்து ரெண்டு 2 மீட்டராப் பிரிச்சா, ஒவ்வொரு துண்டோட தொய்வும் பதினாறுல ஒரு பங்கு. ஒரு காலோட விலைக்கு இப்படி ஒரு லாபம் எந்த ஷேர் மார்க்கெட்டும் கொடுக்காது.

இன்னொரு பக்கமும் நம்ம மொழியே பதில் வெச்சிருக்கு. பரண்னா முதல்ல என்ன? தினைப்புனத்துல கிளி விரட்ட, காட்டுப்பன்னியைக் காவல் காக்க நாலு கால் நட்டு மேலே போட்ட மேடை. சங்கப் பாட்டுல அதுக்கு இதணம்னு பேர். வள்ளி நின்னு ஆலோலம் பாடினதா சொல்ற பரணும் அதுதான். அது எந்தக் கூரையிலும் தொங்கலை. சொந்தக் கால்ல நின்னுச்சு. வீட்டுக்குள்ளே வந்ததுக்கு அப்புறம்தான் பரண் தன் காலைத் தொலைச்சுடுச்சு.

கால் வெச்சா மட்டும் போதுமா?

போதாது. காலுக்குக் கீழே என்ன இருக்குன்னும் பார்க்கணும். மறுபடியும் நம்ம 4-க்கு 3 பரணையே எடுத்துக்குவோம். நீளப் பக்கம் ஒவ்வொண்ணுலயும் மூணு கால், மொத்தம் ஆறு. மூலையில இருக்கிற காலுக்கு 1.5 சதுர மீட்டர் பங்கு, நடுவுல இருக்கிற காலுக்கு 3 சதுர மீட்டர் பங்கு. எல்லாக் காலும் சமமாத் தாங்கும்னு நினைக்கிறது தப்பு. நடுக்கால் மூலைக்காலைப் போல ரெண்டு மடங்கு தாங்குது. சதுர மீட்டருக்கு 750 கிலோன்னா நடுக்கால் மேலே 2,250 கிலோ.

இப்போ அந்தக் காலை, 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் பெட்டிப் பைப்பை, நேரா மண்ணுல நிறுத்தினா? சதுர மீட்டருக்கு 225 டன் அழுத்தம். ஓரளவு கெட்டியான மண்ணுக்கு 10 டன்னுன்னு வெச்சுக் கணக்குப் போடலாம். இருபது மடங்குக்கு மேலே. கொண்டை ஊசியை வெண்ணெய்ல குத்துற மாதிரி. அதே பாரத்தை ரெண்டடிக்கு ரெண்டடி கான்கிரீட் அடித்தளம் வழியா இறக்கினா சதுர மீட்டருக்கு ஆறு, ஆறரை டன்தான். மண்ணு பேசாம வாங்கிக்கும். வளவுத் தூணுக்குக் கீழே இருக்கிற கல் பீடம் செய்றதும் இந்த வேலைதான். கூடவே, தரையில தேங்குற தண்ணியிலிருந்தும் கரையான்கிட்டேயிருந்தும் மரத்தைத் தள்ளி வெக்குது.

"தரையில ஏற்கெனவே கான்கிரீட் போட்டிருக்கே, அதுமேலேயே நிறுத்தலாமே"ன்னு கேப்பீங்க. ஷெட்டுத் தரை பெரும்பாலும் கிராவல் நிரப்பி, அதுமேலே நாலு இஞ்ச் கான்கிரீட். ஆள் நடக்க, வண்டி நிக்க அது போதும். ரெண்டு டன்னை ஒரு புள்ளியில வாங்க அது போட்டதில்லை. கால் வர்ற இடத்துல தரையை வெட்டி, கெட்டி மண்ணு வரைக்கும் தோண்டி, தனி அடித்தளம் போடுறதுதான் முறை.

அடுத்தது சாய்வு. நாலு கால்ல நிக்கிற எதுவும் பக்கவாட்டுல ஆடும். நம்ம ஹாஸ்டல் மேசைகளே சாட்சி. மேலே எட்டு டன்னை வெச்சுக்கிட்டு ஆடுற மேசை எவ்வளவு ஆபத்துன்னு சொல்லத் தேவையில்லை. அதனால கால்களுக்கு நடுவுல ரெண்டு திசையிலயும் குறுக்குச் சட்டம் வேணும். நடக்க வழி வேணும்னா, காலோட தலைப்பக்கத்துல சாய்வா முட்டுச் சட்டம் கொடுக்கலாம். பார்த்தா போதிகைக்குப் பேரன் மாதிரி இருக்கும்.

மரச் சட்டம் போடுறவங்களுக்கு ஒரு வார்த்தை: சட்டத்தைப் படுக்க வெக்காதீங்க, நிமிர்த்தி வைங்க. அதே மரம்தான். ஆனா நிமிர்த்தி வெச்சு உயரம் ரெண்டு மடங்கானா வளைவைத் தாங்குற பலமும் ரெண்டு மடங்கு. அப்புறம், பாரம் மாசக்கணக்கா மேலேயே இருந்தா மரம் மெல்ல மெல்லத் தொய்ஞ்சுக்கிட்டே போகும். மூட்டை ஏத்தின அன்னைக்கு நேரா இருந்துச்சுங்கிறது சான்று ஆகாது.

"இத்தனை வருஷமா நிக்குதே?"

இதைப் படிச்சுட்டு நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். வீட்டுல, கடையில எல்லாரும் சொல்றதுதான்.

முதல் கேள்வி: "பத்து வருஷமா நிக்குது, இப்போ என்ன வந்துச்சு?" நிக்குது, உண்மைதான். ஏன்னா நல்ல பொருள்ல கொஞ்சம் கூடுதல் பலம் எப்பவும் இருக்கும். அந்தக் கூடுதலை நாம சேமிப்பு மாதிரி தினமும் எடுத்துச் செலவு பண்றோம். பாஸ்புக் மட்டும் கிடையாது. துருப்பிடிக்கிற கால், ஒரு நல்ல மழைக்கு ஊறின மண்ணு, வழக்கத்தைவிட பத்து மூட்டை அதிகமா வந்த ஒரு அறுவடை. மூணும் ஒரே வாரத்துல சேர்ந்தா கணக்கு முடிஞ்சது. நேத்து நின்னதுக்கு, நேத்து இருந்த பாரம்தான் காரணம்.

ரெண்டாவது: "கால் வெச்சா இடம் போயிடும், வண்டி உள்ளே வராது." இது நியாயமான கேள்வி. வெல்டர் அண்ணனும் இதைத்தான் கேட்டார். அதுக்குப் பரணை ஷெட்டோட நடுவுல போடாம, பின்சுவர் ஓரமா ஒதுக்கிப் போடலாம். பின் வரிசைக் கால் சுவரை ஒட்டி நிக்கும், முன் வரிசைக் கால் மட்டும்தான் கண்ணுல படும். வண்டி திரும்புற இடத்துல ஒரு காலை எடுத்தே ஆகணும்னா எடுக்கலாம். ஆனா அந்த இடத்துல பீமை உயரமாக்கணும், ஒரு இன்ஜினியர் கணக்குப் பார்க்கணும். இலவசமா எடுக்க முடியாது.

மூணாவது: "செலவு." ஆறு கால், ஆறு குழி, கொஞ்சம் கான்கிரீட். மேலே அடுக்கப்போற சரக்கோட மதிப்பை ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. அப்புறம் கீழே யார் இருக்காங்கன்னு பாருங்க. பரணுக்குக் கீழே இருக்கிற இடம் எப்பவும் சும்மா இருக்காது. மத்தியானம் வேலைக்கு வர்ற அக்காங்க அங்கேதான் நிழலுக்கு உக்காந்து சாப்பிடுவாங்க. ராத்திரி வாட்ச்மேன் தாத்தா கட்டில் அங்கேதான் போடுவார். அவங்க யாரும் அந்தப் பரணைப் போடச் சொல்லலை. அதுல எவ்வளவு ஏத்தணும்னு அவங்ககிட்ட யாரும் கேக்கவும் இல்லை.

நம்ம பங்கு என்ன?

நம்ம டிபார்ட்மென்ட் பசங்களைக் கேட்டா, ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குப் பத்து மாடிக் கட்டடத்தை சாஃப்ட்வேர்ல டிசைன் பண்ணுவோம். கலர் கலரா ரிசல்ட் வரும். பைண்டிங் பண்ணி வெச்சுடுவோம். அந்தப் பத்து மாடியை நம்மள்ல எத்தனை பேர் கட்டப்போறோம்? ஆனா நம்ம ஒவ்வொருத்தர் சொந்தத்துலயும் ஒரு ஷெட்டு இருக்கு. அதுல ஒரு பரண் இருக்கு. அதுக்கு டிசைனர் யாருமே இல்லை. பெரிய கட்டடத்துக்கு ஆயிரம் கண்ணு இருக்கு. பரணுக்கு ஒரு கண்ணும் இல்லை. படிச்ச படிப்பு முதல்ல போக வேண்டிய இடம் அதுன்னு நான் நினைக்கிறேன்.

அதனால ரெண்டு யோசனை. ஒண்ணு, நம்ம என்.எஸ்.எஸ். கேம்ப்ல சுவருக்கு வெள்ளையடிக்கிறதோட, ஒரு நாள் டேப்பை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள இருக்கிற ஷெட்டுகளுக்குப் போகலாம். சொந்தக்காரர் சரின்னு சொன்னா பரணை அளந்து, என்ன அடுக்குறாங்கன்னு கேட்டு, ஒரு பக்கத்துல கணக்குப் போட்டு, நம்ம சார்கிட்ட காட்டிச் சரிபார்த்துக் கொடுக்கலாம். பயமுறுத்த வேண்டாம். எடையைச் சொன்னாலே போதும். மீதியை வெல்டரும் ஆசாரியும் புரிஞ்சுக்குவாங்க.

ரெண்டாவது, போர்டு. லிஃப்ட்டுக்குள்ள பார்த்திருப்பீங்க: "6 நபர்கள், 408 கிலோ". அந்த எண்ணை யாரும் சந்தேகப்படுறதில்லை. ஏழாவது ஆள் தானா இறங்கிக்குவார். பரணுக்கும் அப்படி ஒரு போர்டு ஏன் இருக்கக் கூடாது? கணக்குப் பார்த்த ஒருத்தர் சொன்ன எண்ணை வெச்சு, "இந்தப் பரண் மொத்தம் இவ்வளவு கிலோ தாங்கும், நெல்லுன்னா இத்தனை மூட்டை, சிமென்ட்னா இத்தனை மூட்டை"ன்னு பெயின்ட்ல எழுதி வெச்சா, இன்னைக்குப் பாத்திரம் வைக்கிறவர் நாளைக்கு ஷெட்டை வாடகைக்கு விட்டாலும், வர்றவருக்கு அது தெரியும். எந்த எண்ணும் எழுத முடியலைன்னா, அந்தப் பரணைப் பத்தி யாருக்கும் எதுவும் தெரியலைன்னாவது தெரிஞ்சுடும்.

அதுவரைக்கும் நீங்க தனியாச் செய்யக்கூடிய சோதனை ஒண்ணு இருக்கு. ஒரு ரூபாய் செலவில்லை. உங்க பரணுக்குக் கீழே நிக்காம, கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க. மேலே இருக்கிற ஒரு மூட்டையைப் பார்த்து விரலை நீட்டுங்க. அந்த மூட்டையோட பாரம் எது வழியா இறங்குதுன்னு விரலாலேயே கோடு போட்டுக்கிட்டே வாங்க. பலகை, சட்டம், பீம், கால், அடித்தளம், மண்ணு. விரல் கீழே இறங்கிக்கிட்டே வந்து மண்ணைத் தொட்டா நல்லது. நடுவுல எங்கேயாவது அது மேல்நோக்கிப் போய் கூரையைத் தொட்டுச்சுன்னா, இந்த வார லீவுக்கு ஊருக்குப் போறப்ப வெல்டருக்கு ஒரு போன் போடுங்க. அவர் வந்து கால் வைக்கிற வரைக்கும், மேலே இருக்கிற மூட்டையைக் கீழே இறக்கி வைங்க.